அடிசிலும் அடியாரும்

புதுவையின் பழைய நகர்ப்பகுதிக்கு மேற்கே நெல்லித்தோப்பு என்னும் பகுதி உளது. பெயரளவில் அது நெல்லிமரச் சோலை. இன்றோ வீடுகளும் கடைகளும் நெருங்கிய இடம். தமிழ்நாட்டின் ஏனைய ஊர்களிற்போல ஈண்டும் உண்டிச்சாலைகளின் முகப்பில் 'சைவம்' என்றும் 'அசைவம்' என்றும் எழுதிய பலகைகளைக் காணலாம். உள்ளே புகுவோரை நோக்கி எழும் முதல் வினாவும் 'சைவமா, அசைவமா?' என்பதே. வினவுவோர் கிறித்தவராக இருத்தல் கூடும். விடை கூறுவோர் வைணவராகவோ, சமணராகவோ, எச்சமயமும் வேண்டாதவராகவோ இருத்தல் கூடும். 'சைவம்' என்று அவர் மொழியுங்கால் சிவபெருமானை நினைந்து மொழிகின்றாரல்லர். ஊன் வேண்டா என்பதே அவர் கருத்து.

ஒரு சமயத்தின் பெயர் ஒருவகை உணவின் பெயராய் ஊர்முழுதும் வழங்குவது கண்டு மகிழ்வார் நம்மவருட் பலர். யாமும் ஒருகாலத்து மகிழ்ந்ததுண்டு. ஆயினும், அச்சொல் அங்ஙனம் பரந்ததா, அன்றிச் சுருங்கிற்றா என்பது ஆராயற்பாலது. சைவர் வாழ்க்கையில் அடுக்களை பெற்ற இடம் யாது? உலையில் இடப்படும் பொருளை நோக்கியே அது மதிக்கப்பட்டதா? அன்றி உலையிலிருந்து இறக்கியது எவர் இலைக்குச் சென்றது என்பதை நோக்கியா? இவற்றிற்கு விடை நூல்களிலும் கல்லெழுத்துக்களிலும் நாள்தோறும் நாம் வழங்கும் சொற்களிலும் கிடக்கின்றது.

புதுவையைச் சூழ்ந்த நிலப்பகுதியின் சமையலைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்று, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களுள் எயிற்பட்டினம் என்பது புதுவைக்கு வடக்கே கடற்கரையில் உள்ள மரக்காணம் என்றும், கிடங்கில் என்பது திண்டிவனத்தை அடுத்தது என்றும் அறிஞர் துணிவர். அவன்பாற் செல்லும் பாணன் வழியிலே பெறும் உணவுகளைப் புலவர் நிலத்துக்கு நிலம் வேறுபடுத்துக் காட்டுகின்றார். கடற்கரையிற் சுட்ட மீன். வேட்டுவர் ஊரிற் புளியிட்ட வெஞ்சோறும் காட்டு ஆவின் சூட்டிறைச்சியும். வயல்சூழ்ந்த ஊரிற் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும். அரசன் மனையிலோ வீமசேனன் செய்த மடைநூலின் நெறி வழுவாது அட்ட பல்வேறு அடிசில். சமையலுக்கு ஒரு நூல் உண்டென்னும் நினைவு அக்காலத்தே இருந்தது என்பது இதனாற் பெறப்படும். மடை என்பது சோறு, படையல். மடையர் என்பார் சமைப்போர். மடைப்பள்ளி என்னும் கோயிலடுக்களையின் பெயரும் அவ்வழி வந்ததே. அறிவிலியை மடையன் என்று இகழும் இக்காலத்தார் அச்சொற்குச் சோறடுவோன் என்னும் பொருளும் உண்டென்பதை மறந்தனர்.

ஆயினும் அந்நூலுள் எம் நெஞ்சை விட்டு நீங்காதது அரசன் அடிசில் அன்று. பரிசில் பெறுதற்கு முன் அப்பாணன் குடும்பம் இருந்த நிலையே. சுவர் இடிந்த அடுக்களை. அதிலே காளான் பூத்திருக்கின்றது. அண்மையிற் குட்டி ஈன்ற நாய், பால் இல்லாமையாற் குட்டிகள் பற்றுதல் பொறாது குரைக்கின்றது. பாணன் மனைவி குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கின்றாள். வேகவைத்ததை, பழிகூறும் அயலார் கண்ணிற் படுதற்கு நாணித் தலைவாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு இருந்து உண்கின்றாள். உப்பளம் மலிந்த மரக்காணத்தைப் பாடும் நூலிலே உப்பில்லாக் கீரையும் வருதல் காண்க. அவள் அடைத்த அக்கதவுக்கு யாம் பின்னர் மீள்வோம்.

அக்காலத்தை ஒட்டியே, புதுவைக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு கடல்வாணிகத்தாற் சிறந்திருந்தது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு அரெசோ நகரத்துச் செந்நிற உண்கலங்களும், திராட்சைமதுவும் ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் அடைத்து வந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. அச்சாடிகளை இறக்கிய யவனர் தமிழகத்திலிருந்து வேண்டிச் சென்ற பண்டங்களுள் தலைசிறந்தது மிளகு. அது மேற்கடற்கரை முசிறியிலிருந்தே மிகுதியாக ஏற்றுமதியாயிற்று. சங்கச் செய்யுட்களில் மிளகின் பெயர் 'கறி'. இச்சொல்லின் வரலாறு வியப்புடையது. கறி முதலில் மிளகு. பின்னர் மிளகு முதலியன இட்டு ஆக்கிய துணையுணவு. சோழர் காலத்துக் கல்லெழுத்துக்களிலே இறைவனுக்குப் படைக்கும் 'கறியமுது'. யாழ்ப்பாணத்தில் இன்றும் காய் முதலியவற்றுக்கு 'மரக்கறி'. புதுவைத் தெருக்களிலோ 'கறி' என்றால் ஆட்டிறைச்சி. திருமுன் படைத்த அமுதின் பெயர் இன்று 'அசைவ'ப் பலகையின்கீழ் நிற்கின்றது! சொற்கள் இங்ஙனம் தலைகீழாகுமென்பதை அறிந்தோர் 'சைவம்' என்னும் சொல்லின் இக்காலப் பொருளையும் அதன் முடிந்த பொருளென்று கொள்ளார்.

கோயிலடுக்களையின் பழைய நிலையை அறிதற்குத் தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்லெழுத்துக்களே சாலும். 1010-ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற அத்திருக்கோயிலில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையாரும் எழுந்தருளுவித்த திருமேனிகளுக்கு நாள்தோறும் படைக்கவேண்டும் அமுது அளவோடு வெட்டப்பட்டுள்ளது. பழவரிசி, நெய்யமுது, பருப்பமுது, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது எனச் சோறும் நெய்யும் பாக்கும் எல்லாம் 'அமுது' என்னும் அடைபெறுகின்றன. மிளகும் கடுகும் சீரகமும் உப்பும் புளியும் சருக்கரையும் வாழைப்பழமும் விறகும் அங்கே கணக்கிடப்பட்டன. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் வீதம் கொண்டு, அரிசிக்கு வேண்டும் நெல் கணிக்கப்பட்டது. குந்தவையார் அளித்த காசினை ஊர்ச்சபையார் கடனாகக் கொண்டு, காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், வட்டி செலுத்தினர். அவ்வட்டியில் அமுது அட்டனர். ஓர் உழக்கு நெய்யும் ஒருபிடி மிளகும் திருமுன் வருதற்கு ஊரும் வயலும் பண்டாரமும் சந்தையும் ஒருங்கு இயங்கின என்க. ஆதலின், ஒரு திருக்கோயில் அழிவுறுங்கால் அவிவது விளக்கு மட்டுமன்று. 1748-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுவை வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிற் காண்கின்றோம். கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. இடையில் அவிந்த மடைப்பள்ளியை நம்பியிருந்தோர் யாவர், அவர் எங்குச் சென்று உண்டனர் என்பதை எழுதிவைத்தாரில்லை.

தஞ்சைக் கல்லெழுத்துப் பட்டியலிலே மிளகாய் இன்மை நோக்கற்பாலது. இருத்தற்கு வழியுமில்லை. மிளகாய் அமெரிக்க நாட்டுச் செடி. கொலம்பசு 1492-இலும் வாசுகோட காமா 1498-இலும் கடல்வழி கண்ட பின்னரே அது நம் நாடு புகுந்தது. மிளகுபோல உறைக்கும் காய் என்று நம் முன்னோர் அதற்கு இட்ட பெயரே அது புதியது என்பதற்குச் சான்று. பல திருக்கோயில் மடைப்பள்ளிகளிலும், சிராத்த நாளிற் பல இல்லங்களிலும், இன்றும் உறைப்புக்கு மிளகே இடுகின்றனர். ஏனென்று வினவினால், 'ஆகமத்தில் விலக்கு' என்பார் சிலர். ஆகமங்கள் எழுந்த காலத்தில் இந்நாட்டில் இல்லாத பொருளை ஆகமம் பெயர்சுட்டி விலக்கியதென்றல் எங்ஙனம் பொருந்தும்? விலக்கியது நூலன்று, வழக்கமே. மடைப்பள்ளி தன் பழைய அளவினை எளிதில் மாற்றவில்லை. அதனாற் சோழர் காலத்து நாச்சுவை ஒருவாறு ஆங்கே எஞ்சி நிற்கின்றது. ஏட்டுச் சுவடியைப் போற்றும் நாம் இதனையும் ஒரு சுவடியென்று போற்றுதல் தகும்.

எனினும், பழமைவிதியொன்றே மடைப்பள்ளியை ஆளுகின்றது என்றும் கூறல் இயலாது. சருக்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்து இடும் முந்திரிப் பருப்பு யாண்டு வந்தது? பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துகேசியர் கொணர்ந்த மரத்தது அது. மிளகாயை வாயிலில் நிறுத்திய மடைப்பள்ளி, அதனோடு ஒரே வழியில் வந்த முந்திரியை உள்ளே அழைத்து நெய்யும் வார்த்தது. கொய்யாக்கனியும் அன்னாசியும் அங்ஙனமே படையலில் இடம்பெற்றன. புதுவை வட்டாரத்தார் மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் வழங்கும் நிலக்கடலையும் தென்னமெரிக்காவினதே. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதுவைத் துறையிலிருந்து பிரான்சு நாட்டு மார்சேல் நகர்க்குக் கப்பல் கப்பலாய் ஏற்றப்பட்டது அது. இன்று அதன் எண்ணெய் இல்லாத அடுக்களை இவ்வட்டாரத்தில் அரிது. இவை குற்றமென்று யாம் கூறவில்லை. பண்டத்தின் பழமையையோ பிறப்பிடத்தையோ அளவுகோலாகக் கொண்டு 'இதுவே சைவச் சமையல்' என்று வரையறுக்கப் புகுவோர் முந்திரியிலேயே இடறுவர் என்பதே எம் கருத்து. அளவுகோல் வேறிடத்தில் உளது.

அதனைச் சேக்கிழார் பெருமான்பாற் காண்போம். இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த திருத்தொண்டர் புராணத்திற் புகுவோர் ஒன்றனை உணர்வர். அந்நூலில் அடுப்பெரியாத பகுதி குறைவு. தமிழ்க் காப்பியங்களுள் அரசன் அவைக்களத்தினும் அடியார் அடுக்களைக்கு மிகுதியான இடம் தந்த நூல் அதுவாகும்.

இளையான்குடிமாற நாயனார் வரலாறு யாவரும் அறிந்தது. அதனைச் சமையல் நோக்கிற் படித்தார் சிலரே. மாரிக்காலத்து இரவு. நாள்முழுதும் உணவின்றிக் கிடந்த குடும்பம். கதவை அடைத்தபின்னரே அடியார் வந்தார் என்று சேக்கிழார் சொல்கின்றார். அடைத்தபின் என்னும் அச்சொல்லை யாம் பன்முறை நின்று நோக்கியதுண்டு. நாயனார் கதவைத் திறந்து, வந்தவர் மேனியின் ஈரம் துடைத்து, இருக்க இடம் தந்து, மனைவியாரை நோக்குகின்றார். வீட்டில் ஒன்றும் இல்லை. அயலார் இனிக் கடன் கொடார். அன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொணர்ந்தால் அமுதாக்கலாம் என்று வழி கண்டவர் அம்மையாரே. நாயனார் கூடையைத் தலையிற் கவிழ்த்து, இருளிற் காலால் வழி தடவிச் சென்று வாரி வருகின்றார். விறகில்லை, கூரையை அறுத்து வீழ்த்துகின்றார். அம்மையார் ஈரநெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கி உலையில் இடுகின்றார். கறிக்கு, இன்னும் வளராத இளங்கீரையை நாயனார் கையாற் பறித்து வர, அவ்வொரு கீரையையே வெவ்வேறு கறியாக அம்மையார் சமைக்கின்றார். நெல்லை வறுத்தமையும் ஒன்றனைப் பலவாக்கியமையும் அவருடைய கைத்திறம். நம் இல்லங்களிற் பெண்டிர் வறுமைநாளில் இன்றும் செய்வது அதுவே. அத்திறத்தைச் சேக்கிழார் ஒரு படியும் விடாது எழுதினார்.

இனிச் சிறுபாணாற்றுப்படையின் அக்கதவை நினைக. ஆங்கும் கீரை, ஈங்கும் கீரை. ஆங்கும் வறுமை, ஈங்கும் வறுமை. ஆங்கு, பிறர் காணலாகாதென்று அடைத்த கதவு அடைத்தபடியே இருந்தது. புலவரும் அதனைப் பழியாது இரங்கினார். ஈங்கு, அடைத்த கதவு பிறர்பொருட்டுத் திறந்தது. பாணன் மனைவி உண்டதும் மாறனார் இல்லத்தில் அட்டதும் கீரையே என்று கண்டபின், சைவம் அடுக்களையிற் செய்த மாறுதல் பண்டத்தில் இல்லை, கதவில் உளது என்பது எமக்குத் தெளிவாயிற்று. ஏழைமை நாணத்தக்கது என்னும் எண்ணத்தை அவ்வில்லத்தில் வெட்டி எறிந்தது அடியார் பசி.

அரிவாட்டாய நாயனார் செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்கென்று சுமந்து சென்றார். வறுமை வந்தபோதும் இறைவனுக்குச் செந்நெல்; தமக்குக் கார்நெல்; அதுவும் அற்றபோது கொல்லைக் கீரை; கீரையும் அற்றபோது தண்ணீர். இடறி விழுந்து அவை நிலவெடிப்பிற் சிந்தியபோது, அவ்வெடிப்பிலிருந்து மாவடுக் கடிக்கும் ஓசை எழுந்தது என்பது வரலாறு. உழவர் வீட்டு ஊறுகாய்ப் பானையிற் கிடக்கும் மாவடுவுக்கு இதனின் மேலான புகழ் வேறு எந்நாட்டு நூலும் தந்ததாக யாம் அறியோம்.

1739 முதற் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்து, இன்று புதுவையோடு ஓராட்சியில் அமைந்த காரைக்காலிலும் இத்தகைய ஓர் அடுக்களை உண்டு. புனிதவதியார் இல்லத்துக்கு அடியார் ஒருவர் பசித்து வந்த வேளையிற் சோறு வெந்திருந்தது, கறியமுது ஆகவில்லை. கறி ஆகும்வரை பசித்தவரை இருத்துதல் தகாதென்று, கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டனுள் ஒன்றைச் சோற்றோடு இட்டார். அம்மையார் வரலாறு முழுதும், பின்னர் விளைந்த பேய்வடிவும் கயிலைச் செலவும், கறி வேகாத அச்சிறுபொழுதிலிருந்து தொடங்குகின்றன. ஆண்டுதோறும் ஆனித் திங்கள் வெண்மதி நாளையொட்டிக் காரைக்காலிற் பிச்சாடனர் உலா வருங்கால் வீட்டு மாடங்களினின்று மாங்கனி எறியும் மக்களுள், இவ்வளவும் கறி தாழ்த்தமையால் வந்ததென்று நினைப்பார் எத்துணையரோ!

திருவீழிமிழலையின் நிகழ்ச்சி வேறுவகையில் நுட்பமுடையது. பஞ்சம் பரந்த நாளில் அப்பரும் ஆளுடைய பிள்ளையாரும் நாள்தோறும் இறைவன்பாற் காசு பெற்று அடியாரை ஊட்டினர். அப்பர் மடத்திற் பந்தி காலத்தில் நடந்தது. பிள்ளையார் மடத்திலோ தாழ்த்தது. காரணம் வினவியபோது, பிள்ளையார் பெறும் காசுக்குக் கடைவீதியில் வட்டம் கேட்கின்றனர், அதனாற் பண்டம் வாங்குதல் காலம் கடக்கின்றது என்று அமுதாக்குவோர் கூறினர். பிள்ளையார் இறைவனிடமே அதனைப் பதிகத்தாற் கேட்டுக் குறைதீர்ந்த காசு பெற்றார். அப்பர் கையால் உழவாரத் தொண்டு செய்தமையால் அவர் காசு குறையற்றதாயிற்று என்பர் பெரியோர். அருள் வரலாறெனினும், காசின் மாற்று, கடைக்காரன் பேரம், உலை ஏறுதற்குத் தாழ்த்தல் என்னும் இவையெல்லாம் நாள்வாழ்க்கையில் எத்துணை உண்மையோடு பொருந்துகின்றன! சமைப்போர் சொல்லை ஞானசம்பந்தப் பெருமானும் செவிசாய்த்துக் கேட்டனர்.

இனி எதிர்வாதம் ஒன்று எழும். 'ஊனுண்ணாமை சைவத்துக்கு உயிர்போன்றதன்றோ? அதனைச் சிறிதாக்கலாமோ?' எனின், ஆக்குகின்றோமல்லோம். திருமூலர் புலால் மறுத்தலைத் தனியே வைத்து மொழிந்தார். திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆறுமுக நாவலர் அதனைச் சைவப் பிள்ளைகளுக்கு முதற்பாடங்களுள் ஒன்றாக வைத்தார். சிவதீக்கை பெற்றார் அதனை விடாது காத்தல் கடன். ஆயினும், அது சைவத்துக்கே தனியுரிமை பூண்ட அறமன்று. புதுவைக்குத் தெற்கே, கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரில் அப்பர் தருமசேனராய்ச் சமணப்பள்ளியில் இருந்த நாளிலும் புலால் உண்டாரல்லர். கொல்லாமையிற் சமணரினும் கடுமை பூண்டார் யாவர்? அதனால் அவர் சைவராயினாரா? சூலை வந்து தமக்கையார் திலகவதியாரிடம் மீண்டபின்னரே சைவராயினார். உண்ணாமை ஒன்றே சைவத்தின் அடையாளமெனின், அப்பர் பெருமான் மாறியது யாது என்று காட்டுதல் அரிதாகும்.

கண்ணப்பர் வரலாறோ இப்பலகைக்காரரை முற்றிலும் இடர்ப்படுத்துவது. வேட்டையாடிய ஊனைச் சுட்டு, நாவாற் சுவைபார்த்து, நல்லதை இறைவனுக்கு வைத்தார் அவர். சிவகோசரியார் நடுங்கினார். இறைவனோ அந்நடுக்கத்தைத் தவறென்று கடியாது, கண்ணப்பர் அன்பின் நிலையைக் கண்டறியுமாறு அவரை மறைந்திருக்கப் பணித்தார். இருவரும் ஏற்கப்பட்டனர் என்பது ஈண்டு மறக்கலாகாதது. சேக்கிழார் ஊனைப் பொதுவிதியாக்கவுமில்லை. சிவகோசரியாரின் ஆகமத் தூய்மையை இகழவுமில்லை. ஆனால் கண்ணப்பர் இட்டதை 'அசைவம்' என்று அழைக்கும் துணிவு எவர்க்கு உண்டு? சைவத்தின் தலையன்பர் இட்டது சைவமன்று என்றால் சொல்லுக்குப் பொருளே இல்லை. உண்டிச்சாலைச் சொல்வழக்கை இனி மாற்றுதல் இயலாது, மாற்றவேண்டுமென்றும் கூறோம். அச்சொல்லின் அப்பொருளை நாமும் நம்பத் தொடங்குதலே இடர்.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலம் நீங்கிய அன்பர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுமாறு விதித்தார். திருவேடம் ஆலயத்தோடு ஒருதட்டில் வைக்கப்பட்டது. திருமூலரோ ஒருபடி மேற்சென்று, நடமாடும் கோயிலாகிய அடியார்க்கு இட்டது நிற்கும் கோயிலிலுள்ள இறைவனைச் சாரும், நிற்கும் கோயிலில் இட்டது நடமாடும் கோயிலைச் சாராது என்னும் கருத்துப்பட மொழிந்தார். மாகேசுவர பூசை என்னும் நம் மரபின் கொள்கைநிலை இதுவே. மயிலையில் எலும்பைப் பெண்ணாக்கப் புகுந்த பிள்ளையார், மண்ணிற் பிறந்தார் பெறும் பயனாவன அடியாரை அமுது செய்வித்தலும் இறைவன் விழாவைக் கண்ணாற் காண்டலுமே எனக் கொண்டு பாடினார் என்று சேக்கிழார் உரைப்பதில், அமுது முன்னும் விழாப் பின்னும் நிற்கும் முறையையும் நோக்குக.

கல்லெழுத்துக்கள் இதற்கு உடன்படுகின்றன. ஊட்டுசாலைகளுக்கென விடப்பட்ட நிலம் 'சாலாபோகம்' எனப்பட்டது. சிவயோகிகளும் மாகேசுவரரும் 'அபூர்விகள்' எனப்பட்ட புதிதாய் வந்த வழிப்போக்கரும் உண்ணுதற்கு அறக்கட்டளைகள் எழுந்தன. ஆயின் ஒன்றனை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. அக்கட்டளைகளிலேயே அந்தணர்க்கு இத்துணையர், பிற அடியார்க்கு இத்துணையர் எனப் பிரித்து வைத்தனவும் உள. பிற்காலத்து மடங்களிலும் சத்திரங்களிலும் பந்தி வேற்றுமை வேரூன்றியதை நம் முதியோர் கண்டிருக்கின்றனர். திங்களூர் அப்பூதியடிகள் அந்தணர். அவர் தம் மனையில் வாழையிலை விரித்து அமுதூட்ட விரும்பியது வேளாளராகிய அப்பரை. அவ்விலை அரியச் சென்ற மைந்தன் பாம்பு தீண்டி இறந்தும் பந்தி தடைப்படலாகாதென்று மறைத்தார். திருநீலநக்கர் மனையிற் பாணராகிய யாழ்ப்பாணர்க்கு வேள்விக்குண்டத்தின் அருகே இடம் தரப்பட்டது. தீ அவியவில்லை, வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது என்கின்றது புராணம். இவற்றை ஓதும் நாவினரே பந்தியைப் பிரித்தனர்.

1910 முதல் 1920 வரை புதுவையிற் புகலடைந்து வாழ்ந்த வ.வே.சு. ஐயர் பின்னர்ச் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திலே 1924, 1925 ஆண்டுகளிற் பெரும் பூசல் விளைந்தது. மாணவருட் சிலர்க்குத் தனியே உணவிட்டமையே அதற்குக் காரணம். நாட்டு விடுதலைக்கு உழைத்த அப்பெரியார் கல்வியிலோ நெஞ்சுறுதியிலோ குறைந்தவரல்லர். உண்ணுமிடம் ஒன்றே அவர் நிலையத்தைக் குலைத்தது. சமையலறை தூய்மையைக் காக்கும் இடமாக மட்டும் நின்றுவிட்டால் அது சுவராகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சைவ உலகத்தை இருபாலாகப் பிரித்தது அருட்பா மருட்பாப் பூசல். வழக்குமன்றம் வரையிற் சென்ற அதன் வடு இன்னும் நம்மிடையே ஆறவில்லை. ஒருபால் இராமலிங்க அடிகள். மற்றொருபால் ஆறுமுக நாவலர். நூல் எது, திருமுறை எது என்னும் பொருளில் நாவலர் கொண்ட நிலை இன்னதென்றும் அடிகள் அன்பர் கொண்ட நிலை இன்னதென்றும் ஏடு ஏடாக எழுதப்பட்டுள்ளது. அவற்றை ஈண்டு எடுக்கப் புகவில்லை. ஆனால் இருவர் அடுக்களையையும் ஒருங்கு வைத்து நோக்கினார் குறைவு. அடிகள் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரிற் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்தார் 80 காணி நிலம் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அவியாது எரிகின்றது. வந்தவர் யாவராயினும் உண்கின்றனர். நாவலரோ, 1876-ஆம் ஆண்டு தொடங்கிய பஞ்சத்தின்போது யாழ்ப்பாணத்திற் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அச்சுக்கூடமும் பாடசாலையும் நடத்திய கை, தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் அகப்பையையும் பற்றியது. 1879-இல் நாவலர் மறைந்தார். அடிகள் 1874-இலேயே மறைந்திருந்தார். ஒருவரை ஒருவர் ஏற்காத அவ்விரு பெரியாரும் பசித்தவன் கலத்தின் முன் வேறுபட்டாரல்லர். அவருள் ஒருவரைப் போற்றி மற்றவரைத் தூற்றுவோர் சாலைக்கஞ்சியையும் தொட்டிக்கஞ்சியையும் வேறுபடுத்திக் காட்டட்டும்.

இல்லறத்தார் நாள்வாழ்க்கையில் இம்மரபின் மிகச் சிறிய வடிவம் பிடியரிசி. உலைக்கு அரிசி அளக்குங்கால் ஒருபிடி எடுத்து வேறு பானையில் இடுதல். திங்கள் முடிவில் அதனை மடத்துக்கோ, கோயிற்கோ, வாயிலில் வருவோர்க்கோ அளித்தல். பிறர்க்கு ஒரு கைப்பிடி என்னும் திருமூலர் வாக்கோடு இது இயைகின்றது. இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. வாசனைப்பொருள் எது, அயல்நாட்டது எது என்னும் ஆராய்ச்சியும் வேண்டா. முன்னாளில் மண்பானையும் மரக்காலும் இருந்த வீடுகளில் அளந்தெடுப்பவள் கைக்கு அது பழக்கமாய் இருந்தது. அரிசியைப் பையோடு வாங்கி, மின்கலத்திற் குவளையால் அளந்திடும் இக்காலத்தில் அப்பானைக்கு அடுக்களையில் இடமில்லை என்பர். குவளையிலும் கைபுகும்.

இளையான்குடியிற் கூரையை அறுத்து அடுப்பெரித்த அன்றிரவு அமுது முற்றியபின், துயில்கொண்டிருந்த அடியாரை எழுப்பிய நாயனார், அவரை அமுது செய்ய எழுந்தருளுக என்று அழைத்தார். சைவரோ என்று வினவியதாகச் சேக்கிழார் எழுதவில்லை.